யார் ஏணியை எடுப்பது

முன்னறையில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு அலுமினியக் குண்டான். குண்டானைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இந்த ஆறு பேரில் அம்மாவையும் அண்ணியையும் கழித்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் ஏணி ஏறத் தெரியும். ஏணியும் தொலைவில் இல்லை, பின்சுவர் ஓரமாகப் படுத்துக் கிடந்தது. இருந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. குண்டான் நிறைந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய் வாசலில் கொட்டிவிட்டு வந்தார்கள். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தடவை கொட்டிவிடக் கூடாது என்பதிலும் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள்.

சோம்பேறிக் குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. போன வருஷம் வரைக்கும் லீவுக்குத் தங்குகிற இந்த ஏரிக்கரை வீட்டுக்கு வந்து இறங்கினால், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆளுக்கொரு வேலையில் கை வைத்துவிடுவார்கள். அண்ணன் தண்ணீர் மோட்டாரைப் பிரிப்பான். தம்பி ஏரிவரைக்கும் வளர்ந்து கிடக்கிற புல்லை வெட்டுவான். நடுவில் பிறந்தவள், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், ஜன்னல் கண்ணாடிகளின் ஓரத்தில் உதிர்ந்துபோன மக்குப் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். அவளை வீட்டில் எல்லோரும் பஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தது அப்பா.

இந்த வருஷம் எல்லோருடைய கையும் கட்டிப் போட்டதுபோல ஆனதற்குக் காரணமும் அப்பாதான். அவரும் அம்மாவும் முன்னாடியே வந்து வீட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் நேற்று வந்து சேர்ந்தார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டை எடுப்பதற்குள் அப்பா தொண்டையைக் கனைத்தார். ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது.

"இந்த வீட்டை ஒருத்தர் பேருக்கு மாத்திடப் போறேன். மூணு பேருக்கும் சேத்து எழுதினா மூணு பேரும் சேந்து இடிய விட்டுருவீங்க. யாருக்கு வேணும்? நீங்க கிளம்புறதுக்குள்ள சொல்லணும்."

அண்ணன் முந்திக்கொண்டான். "எனக்கெதுக்குப்பா? மூக்குக்கண்ணாடிக் கடையை விட்டுட்டு இங்க வரதே பெரும்பாடு. தங்கச்சிக்குக் குடுங்க."

"எனக்கா? நான் ஒண்டிக்கட்டை. இவ்வளவு பெரிய வீட்டை வச்சுட்டு என்ன பண்ணப் போறேன்? தம்பிக்குக் குடுங்க," என்றாள் பஸ்காரி.

"ஐயோ, எனக்கு வேண்டவே வேண்டாம். அண்ணன்தானே மூத்தவன்," என்றான் தம்பி.

பந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு அண்ணன் மடியிலேயே வந்து விழுந்தது. அப்பா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டு வாங்க மாட்டார்கள். அப்படி வளர்த்தது அம்மா. வாய் விட்டுக் கேட்பது அவளுக்கு அசிங்கம். பொரித்த மீனில் கடைசித் துண்டு ஒன்று தட்டில் கிடந்தால், மூன்று பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள். "எனக்கு வேண்டாம்" என்பார்கள். துண்டு ஆறி, விறைத்து, கடைசியில் பூனைக்குப் போகும். வளர்ந்த பிறகும் இந்தக் குணம் போகவில்லை. வெளியாட்களுக்கு இது பெருந்தன்மையாகத் தெரியும். கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வேண்டாம் என்று சொன்ன ஒவ்வொருவரும் மற்றவன் கை நீளுகிறதா என்று எப்படி ஓரக்கண்ணால் காவல் காத்தார்கள் என்று.

பஸ்காரிக்கு அந்த வீடு வேண்டும். ஆசை என்று சொல்லி அதைக் குறைக்கக் கூடாது. புருஷன் விட்டுப் போனதிலிருந்து ஒரு துணிக்கடையின் மாடியில் வாடகை அறையில் இருக்கிறாள். அங்கே ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். காலையும் சாயங்காலமும் நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வந்தால் ராத்திரி தூக்கம் பிடிக்காது. இந்த வீட்டில், ஏரிப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே படுத்தால் மட்டும் அடித்துப் போட்டமாதிரி தூங்குவாள். என் வீடு என்று மனசுக்குள் அவள் சொல்லிக்கொள்வது இதைத்தான். இது வேறொருவர் பேருக்குப் போனால் விருந்தாளியாக வந்து போக வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

வேண்டாம் என்று மூவரும் சொன்ன பிறகு யார் எதைத் தொட்டாலும் அது குற்றமாகிவிட்டது. நேற்று வந்தவுடன் பழக்கதோஷத்தில் அண்ணன் வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தான். "பாத்தியா, வாசல்லருந்தே ஆரம்பிச்சுட்டான்," என்று தம்பி அக்காவின் காதில் கிசுகிசுத்தான். அண்ணி சமையலறை அலமாரியைத் துடைத்து டப்பாக்களை இடம் மாற்றினாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் வரிசையாக அடுக்காவிட்டால் கை நிற்காது. அதைப் பார்த்த அம்மா, "இப்பவே தன் வசதிக்கு வச்சுக்குறாளே," என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். தம்பி அரிவாளை எடுத்துக்கொண்டு புல் வெட்டப் போய், நாலு பேர் பார்ப்பதைக் கவனித்து, அரிவாளைத் திரும்ப வைத்துவிட்டு வந்தான். ராத்திரி மழை பிடித்தது. விடிந்தபோது கூரை ஒழுகியது. அதற்கு முன் அது ஒரு தடவையும் ஒழுகியதில்லை.

காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் முட்டையும். மதியத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்க அக்காவும் தம்பியும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். வெளியே ஏரி தெரியாத அளவுக்கு மழை. தம்பி வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. ஒருவர் வணக்கம் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன என்று யோசிப்பது அவன் பிழைப்பு.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோ. விடியக்காலைல அண்ணன் வெளிய போனான்."

"பாத்ரூம் போயிருப்பான்டா."

"மழைக்கோட்டு போட்டுட்டா? டார்ச் எடுத்துட்டா? வீட்டைச் சுத்தி வந்தான். நான் போர்வைக்குள்ளருந்து பாத்தேன்."

"எதுக்கு?"

"எல்லை பாக்கத்தான். வேலி எதுவரைக்கும் வருது, பக்கத்து நிலத்துக்காரன் எவ்வளவு உள்ள வந்திருக்கான்... வாங்கப் போறவன் இதெல்லாம் பாப்பான்ல. எங்க ஆபீசுல தினமும் பாக்குறேன்."

"அவன்தான் வேண்டாம்னு சொன்னானே."

"நம்ம வீட்டு வேண்டாமைப் பத்தி உனக்குத் தெரியாதா?" தம்பி உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டான். "சரி, உனக்கு? உனக்கு ஏதாவது எண்ணம் இருக்கா? எங்கிட்ட மறைக்காத."

"எனக்கென்னடா எண்ணம்? உனக்கு?"

"சேச்சே."

இரண்டு பேரும் அடுத்த கிழங்கை எடுத்தார்கள். அண்ணன் எல்லை பார்க்கப் போனான் என்பது பஸ்காரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். புருஷன் போன அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து அவளுடைய பெட்டிகளைச் சுமந்தவன். அவனா என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. ஏன், அவனாக இருக்கக் கூடாதா என்று இன்னொரு பக்கம் சொன்னது. இந்த இரண்டாவது குரலுக்குத்தான் சத்தம் அதிகம்.

அவளும் யோக்கியம் இல்லை. துணிப்பையின் அடியில், சேலைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில், ஒரு தார் டின்னும் ஒரு டப்பா மக்கும் இருந்தன. கூரைத் தகரத்தின் துருவில் பூசவும் ஜன்னலுக்கு வைக்கவும் ஊரிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல வாங்கியது. நேற்று ராத்திரி அப்பா பேசிய பிறகு அதை வெளியே எடுக்கப் பயந்து, சாராய பாட்டிலை ஒளிக்கிறவள் மாதிரி ஒளித்து வைத்திருந்தாள்.

மதியம் அது வெளியே வந்துவிட்டது. அம்மாவின் தோளில் தண்ணீர் சொட்டியதால் துவட்டத் துண்டு தேடின அண்ணி, கையில் கிடைத்த பையைத் திறந்திருக்கிறாள். எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் டின்னைக் கொண்டுவந்து மேஜையில், குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கூரைக்குப் பூசுற தார்தானே இது?" அண்ணியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "காலைலருந்து அத்தை தோள்ல தண்ணி சொட்டுது. பையில தார் இருக்கு, வாயத் திறக்கல நீ."

"அது... பஸ்ஸுக்கு வாங்கினது."

"பஸ்ஸுக்குத் தார் எதுக்கு?"

"அடியில துரு பிடிக்குது."

"அப்ப மக்கு?" தம்பி பையிலிருந்து டப்பாவையும் எடுத்துவிட்டிருந்தான். "பஸ் கண்ணாடிக்கா? எங்கிட்ட எண்ணம் ஒண்ணுமில்லன்னு சொன்னியே அக்கா."

"மக்கு வாங்குனா எண்ணமாடா? வருஷா வருஷம் நான்தானே வைக்கிறேன்!"

"வருஷா வருஷம் ஒளிச்சு வைக்கலியே."

அம்மா உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி, "சாப்பிடுற இடத்துல என்ன பேச்சு இது," என்றாள். ஆனால் அவளும் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இப்போது வேண்டும் என்று சொல்லிவிடலாம். சொன்னால், திருடி பிடிபட்டு ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அண்ணனைப் பார்த்தாள், ஏதாவது சொல்வான் என்று. அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தான். இவனும் சந்தேகப்படுகிறான், எல்லை பார்த்துவிட்டு வந்தவன் என்னைச் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மழை வலுத்தது. ஒரு இடத்தில் சொட்டியது மூன்று இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. கூரைக்குக் கீழே அடித்திருந்த பலகை ஒன்று ஊறி, வயிறு தள்ளி நின்றது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பின்கதவைத் திறந்தார். சுவரில் ஏணி சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு உறைத்தது.

"அப்பா! என்ன பண்றீங்க?"

எல்லோரும் மழையில் ஓடினார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருப்புளியைப் பல்லில் கடித்தபடி ஏணியில் நின்றார். ஏணியின் கால் சேற்றில் வழுக்கியது. பஸ்காரி தாவி அதைப் பிடித்தாள்.

"இறங்குங்க மாமா, விழுந்துடப் போறீங்க!" அண்ணி கதவிலிருந்து கத்தினாள்.

அப்பா திருப்புளியைக் கையில் எடுத்தார். "நீங்க போய்ச் சாப்பிடுங்க. உங்களுக்கெல்லாம் வேண்டாத வீடு. எனக்கு வேணும், நான் பாத்துக்குறேன்."

"நான் ஏறுறேன், இறங்குங்கப்பா!" என்றாள் பஸ்காரி.

"நீ எதுக்கு ஏறணும்? ஒனக்குத்தான் வேண்டாமே." இன்னொரு படி ஏறினார்.

ஏணி ஆடியது. தலைக்கு மேலே அப்பாவின் குதிகால் வெளிறி, நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மழைச் சத்தத்துக்கு மேலே, பஸ்ஸில் கடைசி சீட் பையன்களை அதட்டுகிற குரலில் கத்தினாள்.

"எனக்கு வேணும்! வீடு எனக்கு வேணும்ப்பா! எனக்குக் குடுங்க! இப்ப இறங்குங்க!"

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தம்பி வானத்தைப் பார்த்தான். அப்பா மட்டும் இந்தச் செய்திக்காகவே காத்திருந்தவர்போல அடக்கமாக, ஒவ்வொரு படியாக இறங்கி, திருப்புளியை அவள் கையில் கொடுத்தார். அண்ணி உள்ளே போய்த் தார் டின்னை எடுத்து வந்து நீட்டினாள். "இந்தா, பஸ்ஸுக்கு வாங்கினது," என்றாள். அந்த நிலையிலும் பஸ்காரிக்குச் சிரிப்பு வந்தது.

மேலே போனவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தகரம் ஓட்டையாகவில்லை. இரண்டு தகரங்கள் சேருகிற இடத்தில் ஒரு வரிசை முழுக்கத் திருகாணி இல்லை. துருப்பிடித்து உடைந்திருந்தால் தலை போய்க் கழுத்து நிற்கும். காற்று பிடுங்கியிருந்தால் தகரம் கிழிந்திருக்கும். இங்கே துளைகள் சுத்தமாக, வட்டம் கெடாமல் இருந்தன. கையை விட்டுத் துழாவினாள். தகர மடிப்புக்குள் செருகியிருந்தது ஒரு செப்புக் கம்பி. கழற்றிய திருகாணிகள் எல்லாம், ரப்பர் வாஷரோடு, ஒவ்வொன்றாகக் கழுத்தில் சுற்றிக் கட்டப்பட்டு, வரிசை மாறாமல் அதில் தொங்கின. கம்பியின் இரண்டு நுனியும் முறுக்கி உள்பக்கமாக மடக்கப்பட்டிருந்தன. உலகத்தில் திருகாணியைக் கழற்றி இப்படிக் கட்டி வைக்கிற ஆள் ஒருவர்தான். லிஃப்ட் குழிக்குள் ஒன்று விழுந்தாலும் தேடி எடுக்க முடியாது என்பதற்காக அவர் பழகிய பழக்கம்.

கீழே பார்த்தாள். அப்பா அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கிலும் தாடையிலும் மழை வழிந்தது.

அவளுக்கு வந்தது கோபம்தான். வேறெந்தப் பேரையும் அதற்கு வைக்க முடியாது. காலையிலிருந்து ஆறு பேரும் ஒருவரை ஒருவர் திருடனாகப் பார்த்ததற்கும், அம்மாவின் தோளில் சொட்டிய தண்ணீருக்கும், ஏணியில் நடுங்கிய குதிகாலுக்கும் சேர்த்து அந்தக் கம்பியை முற்றத்தில் எறிந்து, பாருங்கடா உங்கப்பன் செய்த வேலையை என்று கத்தியிருக்கலாம். கத்தினால் அவள் கேட்டதும் பொய்யாகிவிடும். கேட்க வைத்த நாடகத்தில் அவளுக்கும் பங்கு என்று தம்பி சாகும்வரை நினைப்பான். கம்பியைப் பிரித்தாள். ஒவ்வொரு திருகாணியாக அதனதன் துளையில் முடுக்கினாள். மேலே தாரைப் பூசினாள். வெறும் கம்பியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"என்னவாம்?" என்றான் தம்பி.

"காத்து தூக்கியிருக்கு," என்றாள்.

"ஆமாமா, இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி," என்றார் அப்பா. அவர் கண் அவள் கண்ணில் படவில்லை. உள்ளே போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்து, "பத்திரம் அப்புறம்," என்றார். அவ்வளவுதான். அம்மா அடுப்பில் மறுபடியும் டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். குண்டானில் சொட்டுச் சத்தம் ஓய்ந்தது. அண்ணி தரையைத் துடைத்தாள்.

ஏணியை இறக்கிப் பின்சுவர் ஓரம் வைக்க அண்ணன் வந்து ஒரு நுனியைப் பிடித்தான். கீழே வைத்த பிறகும் அவன் போகவில்லை.

"காத்துன்னு சொன்னியே, நல்லதாப் போச்சு," என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விடியக்காலைல நானும் ஏறினேன். யாரும் பாக்காம அடைச்சிட்டு இறங்கிடலாம்னு. கம்பியப் பாத்தேன். கீழ பாத்தா அப்பா ஜன்னல்ல நிக்கிறார், இதே மாதிரி."

"நீ எல்லை பாக்கப் போனேன்னு..."

"யாரு, குமாஸ்தா சொன்னானா?"

"திருகாணிய மாட்டியிருக்கலாமே அண்ணா. மாட்டியிருந்தா வீடு உனக்குத்தானே..."

"அதான் மாட்டல." அவன் கைகளைச் சட்டையில் துடைத்தான். "ஒனக்கு வேணும்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நீ ஜன்னல் ஜன்னலா உக்காந்து மக்கு வைக்கிறதப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்னைத் திருடி மாதிரி நிக்க வச்சாங்களே!"

"நான் சொன்னா நான் குடுத்ததா ஆயிடும். நீ கேக்கணும்னு இருந்தேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து சுட்டது. உனக்கு வேண்டாமா, நிஜமாகவே வேண்டாமா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வான் என்பது தெரியும். அதை நம்பலாமா என்பதுதான் தெரியாது.

அண்ணன் கொஞ்சம் தயங்கினான். மழை விட்டு ஏரி தெரிய ஆரம்பித்திருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்த்தபடியே, அவள் இதுவரை அவனிடம் கேட்டிராத ஒரு குரலில் கேட்டான்.

"அடுத்த லீவுக்கு நாங்க வரலாமா?"

"இன்னொரு தடவை இப்படிக் கேட்டியானா ஏணியிலருந்து புடிச்சுத் தள்ளிவிட்டுருவேன்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அண்ணன் சிரிக்கவில்லை. வரலாம் என்ற பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.